பதில் வணக்கம் எங்கே?

தலைவர் அவர்களே, புதுவை வாழ் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

அரங்கம் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டது. முன்வரிசை நாற்காலியில் இருப்பவரும் அதைத்தான் சொன்னார், வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பவரும் அதைத்தான் சொன்னார். சொன்னவருக்கும் திருப்பிச் சொன்னவருக்கும் சொல் ஒன்றே. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். தமிழர் தெருக்களில் இது இயல்பாகி நூறு ஆண்டுகூட ஆகவில்லை என்பதுதான் அதிசயம்.

அண்மைக் காலமாக 'வணக்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல ஒரு பெருங்கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒருவர், இது ஐயாயிரம் ஆண்டாகத் தமிழன் சொல்லிவரும் முகமன் என்கிறார். இன்னொருவர், இது நாத்திகர்கள் நமஸ்காரத்தை ஒழிக்கக் கட்டிவிட்ட சொல் என்கிறார். மூன்றாமவர், வணக்கம் என்றால் வழிபாடு, அது இறைவனுக்கே உரியது, மனிதருக்குச் சொல்லலாகாது என்கிறார். கைப்பேசியில் வரும் விளக்கங்களோ சொல்லை நடுவில் வெட்டி, உள்ளே 'அகம்' இருக்கிறது பார் என்று எடுத்துக் காட்டுகின்றன. மூன்று பேரும் பாதி சரி, பாதி தவறு. வெட்டுகிறவர் முழுத் தவறு.

முதலில் வெட்டியதை ஒட்டிவிடுவோம். இணங்கு, இணக்கம். அடங்கு, அடக்கம். மயங்கு, மயக்கம். தயங்கு, தயக்கம். அந்த வரிசையில்தான் வணங்கு, வணக்கம். மெல்லின மெய் வல்லினமாகி 'அம்' சேர்ந்து பெயராகும் வழி இது. உள்ளே அகமும் இல்லை, புறமும் இல்லை. வணங்குதலின் முதற்பொருள் வளைதல். யாழின் வளைந்த கோட்டைச் சங்கப் புலவர்கள் 'வணர்' என்றார்கள். சுருண்ட கூந்தலுக்கும் அந்தச் சொல்லையே ஆண்டார்கள். கிளை வணங்கும், வில் வணங்கும், அப்புறம்தான் தலை வணங்கும். தலை வளைந்தால் பணிவு என்றாயிற்று. பணிவு முற்றி வழிபாடாயிற்று. கடைசியில், மிகக் கடைசியில், தெருவில் எதிர்ப்படும் இருவர் சொல்லிக்கொள்ளும் சொல்லாயிற்று.

திருக்குறளில் இந்தச் சொல் இருக்கிறது என்று மேடைதோறும் மார்தட்டுகிறார்கள். இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? கூடாநட்பு அதிகாரத்தில், 827ஆம் குறளில் இருக்கிறது. வள்ளுவர் அங்கே சொல்லின் வணக்கத்தையும் வில்லின் வணக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பகைவன் பணிந்து பேசுகிறானே என்று மயங்காதே, வில் வளைவது தீங்கு செய்யத்தான் என்கிறார். அதோடு விடவில்லை. அடுத்த குறளில், தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்கிறார். 1948 ஜனவரி 30 மாலை, தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்தியாருக்கு முன்னால் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் கோட்சே சுட்டான். 1991 மே 21 இரவு, திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் காலைத் தொடக் குனிந்தவளின் இடுப்பில் வெடிகுண்டு இருந்தது. வள்ளுவருக்கு மனிதர்களைத் தெரியும். வளைவதெல்லாம் பணிவு அல்ல என்பதும் தெரியும்.

ஆக, குறளில் வரும் வணக்கம் நாம் இன்று காலை பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன வணக்கம் அல்ல. பழந்தமிழர் விருந்தினரை 'வருக' என்றார்கள். புலவர் அரசனை 'வாழிய' என்றார். தொழுதல், இறைஞ்சுதல், பணிதல், வணங்குதல் எல்லாம் கடவுளுக்கும் வேந்தனுக்கும் சான்றோருக்கும் செய்தவை. மேலே பார்த்துச் செய்தவை. வேந்தனுக்கும் மேலே ஆள் உண்டு. புறநானூற்றின் ஆறாம் பாட்டில், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்குக் காரிகிழார் அறிவுரை சொல்கிறார்: சிவன் கோயிலை வலம் வரும்போது உன் குடை தாழட்டும், நான்மறை முனிவர் ஏந்திய கைகளுக்கு முன்னால் உன் தலை தாழட்டும். யார் யாருக்குத் தலை தாழ்த்துவது என்ற வரிசை அன்றே பாட்டாகிவிட்டது.

இந்த வரிசையைச் சட்டமாகவே எழுதி வைத்தவர் மனு. இரண்டாம் அத்தியாயத்தில், எதிரே வருபவரை எப்படி நலம் கேட்பது என்று ஒரு விதி வருகிறது. பிராமணனைக் குசலமா என்று கேள். சத்திரியனை அநாமயமா என்று கேள். வைசியனிடம் க்ஷேமமா என்று கேள். சூத்திரனிடம் ஆரோக்கியமா என்று கேள். நான்கும் ஒரே கேள்விதான், நலமா என்பதுதான். ஆனால் கேட்கும் சொல்லைக் கேட்டாலே எதிரில் நிற்பவன் பிறப்பு தெரிந்துவிட வேண்டும். நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனை எப்படி நலம் கேட்பது என்று அந்த விதி சொல்லவில்லை. அவனை யார் நலம் கேட்டார்கள்?

நம் பாட்டன்மார் எழுதிய கடிதங்களைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியவருக்கு எழுதினால் 'அநேக நமஸ்காரம்'. சின்னவருக்கு எழுதினால் 'ஆசீர்வாதம்'. 'இவ்விடம் க்ஷேமம்' என்று தொடங்கும். கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தே யார் மேல், யார் கீழ் என்று தபால்காரரும் சொல்லிவிடுவார். இது வீட்டுக்குள் இருந்த மேல்கீழ். இதை அன்பு என்றும் வயதுக்கு மரியாதை என்றும் சொல்லி ஒப்புக்கொள்ளலாம்.

வயல்வெளியில் இருந்த மேல்கீழை எப்படி ஒப்புக்கொள்வது? காவிரிப் படுகையில், நம் காரைக்கால் உட்பட, பண்ணையார் வரப்பில் வந்தால் உழுகிறவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். காலில் செருப்பு இருந்தால் கழற்றினான்; பெரும்பாலும் இருந்ததில்லை. எட்டி நின்று 'கும்பிடறேன் சாமி' என்றான். பண்ணையார் என்ன பதில் சொன்னார்? மனம் நல்லபடியாக இருந்தால் ஒரு 'ம்'. கும்பிட்டவன் வயது எழுபது, வரப்பில் போனவர் வயது இருபது என்றாலும் அதே 'ம்'தான். அங்கே வயதுக்கு மரியாதை எங்கே போயிற்று என்று எந்தச் சாத்திரியும் கேட்கவில்லை.

தமிழ் மக்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. 'கூழைக்கும்பிடு' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். வேண்டாத உறவை விட்டொழித்தால், 'உன் சங்காத்தமே வேண்டாம், ஒரு பெரிய கும்பிடு' என்றார்கள். 'சலாம் போடுவது' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். வாயால் கும்பிட்டவன் பழமொழியால் பழி தீர்த்துக்கொண்டான்.

இந்த ஊருக்கு வருவோம். மரியாதை என்ற ஒன்றுக்காகப் புதுச்சேரி எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவரைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வதோடு நம் வரலாற்றுப் பாடம் முடிந்துவிடுகிறது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761இல் இறக்கும் காலம்வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். அந்த நாட்குறிப்பைப் புரட்டினால் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். யார் வந்தார், எந்த வாசலில் இறங்கினார், யார் எதிர்கொண்டு போய் அழைத்தார், வந்தவருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எண்ணி எண்ணி எழுதியிருப்பார். நமக்கு அது வீண் விவரமாகத் தெரியும். அவருக்கு அதுதான் அரசியல். பீரங்கி ஒன்று குறைந்தால் ஒரு நவாபுக்கு மூக்குச் சிவக்கும். ரங்கப் பிள்ளைக்கு ஆளுநர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் போகவும், காலணியோடு நுழையவும் தனி உரிமை தந்திருந்தார்கள் என்பார்கள். தனி உரிமை என்றால் என்ன பொருள்? அவர் ஒருவருக்கு உண்டு, ஊரில் மற்றத் தமிழனுக்கு இல்லை.

நூறு ஆண்டு கழித்து அந்தக் காலணி நீதிமன்றம் ஏறியது. 1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணியும் காலுறையும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். வெள்ளைக்கார வழக்கறிஞர் காலணியோடு வரலாம்; இந்தியர் கழற்றிவிட்டு வர வேண்டும், அதுதான் நீதிமன்றத்துக்குச் செய்யும் மரியாதை என்பது அன்றைய நடைமுறை. இவர் கழற்ற மறுத்தார். தண்டித்தார்கள். அவர் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசவில்லை, துரையைப் பார்த்துக் காலில் விழவில்லை. பாரிசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்று வந்தார். பிரெஞ்சுப் புரட்சி சமத்துவம் என்று சொன்னதே, அது என் காலுக்கும் பொருந்துமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

1881 செப்டம்பர் 21 ஆணை வந்தபோது, சாதி வழக்கச் சட்டங்களை உதறிவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்று வழி திறந்தது. முன்னின்றவர்களில் அவர் ஒருவர். 'லா போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் வாசல் என்று பொருள். அந்த வாசல் வழியாகப் போன குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கங்களோடு நிற்கும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களான சொல்தாக்களில் பலர் அவர்கள் வழி வந்தவர்கள்தாம். காலணியைக் கழற்ற மறுத்த ஒருவரால் ஒரு சமூகமே பெயர் மாற்றிக்கொண்டது என்றால், மரியாதை சின்ன விஷயமா?

பிரெஞ்சுக்காரரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரொட்டிக்கடைக்குள் நுழைந்தாலும் 'பொன்ழூர்' என்று சொல்லிவிட்டுத்தான் ரொட்டி கேட்பார்கள். கடைக்காரரும் 'பொன்ழூர்' என்பார். சொல்லாமல் கேட்டால் அது அவமரியாதை. ஆனால் இங்கே ஆண்ட காலத்தில் அந்தப் 'பொன்ழூர்' வெள்ளை நகரத்திலிருந்து வாய்க்காலைத் தாண்டிக் கறுப்பு நகரத்துக்கு எத்தனை முறை வந்திருக்கும் என்பது வேறு கேள்வி. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட சவானா ஆலைத் தொழிலாளரிடம் அரசாங்கம் துப்பாக்கியால்தான் பேசியது. 12 பேர் செத்தார்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம்.

வீரவணக்கம், செவ்வணக்கம் என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு இயக்கமும் தனக்கு ஒரு முகமனை உண்டாக்கியிருக்கிறது. சுதேசிக்காரர்கள் 'வந்தே மாதரம்' என்று சொல்லிக்கொண்டார்கள். 1908இல் பாரதியார் இந்த ஊருக்கு அடைக்கலமாக வந்தபோது அந்த முழக்கமும் கூடவே வந்தது. வந்தே என்றாலும் வணங்குகிறேன் என்பதுதான் பொருள். நேதாஜி படையினர் 'ஜெய் ஹிந்த்' என்றார்கள். அம்பேத்கர் வழியினர் 'ஜெய் பீம்' என்கிறார்கள். வள்ளலார் அன்பர்கள் 'வந்தனம்' என்கிறார்கள். வைணவ அடியார்கள் இருவர் சந்தித்தால் இவரும் 'அடியேன்' என்பார், அவரும் 'அடியேன்' என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் விழுந்து சேவிப்பதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வைதிக மரபுக்குள்ளேயே மேல்கீழை உடைக்கப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் அடியார் அல்லாத ஒருவருக்கு அந்த 'அடியேன்' கிடைத்ததா?

அடியாரா, கட்சிக்காரரா என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரு சொல் வேண்டும் என்று புறப்பட்டது சுயமரியாதை இயக்கம். 1925 மே 2 அன்று 'குடிஅரசு' இதழ் வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். 1932இல் பெரியார் ஐரோப்பாவும் சோவியத்தும் பார்த்துத் திரும்பியதும், மகா கனம், ஸ்ரீ, ஸ்ரீமான் எல்லாம் வேண்டாம், ஆணோ பெண்ணோ 'தோழர்' என்றே அழைப்போம் என்றார். அந்த வெள்ளத்தில்தான் அக்கிராசனர் தலைவரானார், உபந்நியாசம் சொற்பொழிவானது, நமஸ்காரம் வணக்கமானது. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் சொல்லைத் தேடித் தந்தது. சுயமரியாதைக்காரர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். பின்னால் 1967இல் அண்ணா ஆட்சி, அரசுத் தாள்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி என்பதைத் திரு, திருமதி என்று மாற்றியது.

இந்தச் சொற்கள் பூப்போல வந்து விழவில்லை. 1945இல் இதே புதுச்சேரியில் திராவிடர் கழக மாநாடு நடந்தபோது கழகத்தாரை அடித்து விரட்டினார்கள். இளைஞர் கருணாநிதி அடிபட்டு விழுந்தார். பெரியாரே அவர் காயத்துக்கு மருந்து போட்டார். அந்த மாநாட்டை இங்கே நடத்த உழைத்தவர் நம் பாவேந்தர். கனகசுப்புரத்தினம் என்ற இயற்பெயர் கொண்ட அவர், ஆசிரியராக இந்த ஊர்ப் பள்ளிகளில் பிரெஞ்சு அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே, யாருக்கும் தலை குனியாத தமிழை எழுதினார். அவர் பாட்டைத்தான் இன்று புதுச்சேரி அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறது.

இப்போது அந்த மூன்று பேருக்கும் பதில் சொல்லலாம்.

நாத்திகர் கட்டிய சொல் என்பவருக்கு: நமஸ்காரத்தின் வேர் 'நம்', அதற்கும் வளைதல் என்றே பொருள். வணங்குதலுக்கும் அதே பொருள். பொருளைப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. பொருள் பிடிக்காமல் மாற்றியிருந்தால் வேறு சொல்லைத் தேடியிருப்பார்கள். நமஸ்காரம் யார் வாயில் இருந்தது, யாருக்குச் சொல்லப்பட்டது என்பதுதான் சிக்கல். சேரியிலிருந்து வந்தவன் அக்கிரகாரத்து வாசலில் நின்று நமஸ்காரம் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவனுக்கு விதித்தது கும்பிடு. நமஸ்காரம் ஒரு தெருவின் சொத்து, கும்பிடு இன்னொரு தெருவின் கடன். இரண்டையும் தள்ளிவிட்டு, யாருக்கும் பட்டா போடாத ஒரு பழைய சொல்லை எடுத்துப் பொதுவாக்கினார்கள். கடவுளை நம்புகிறவர்கள் அன்று முதல் இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். அவர்கள் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வழிபாட்டுச் சொல்லாயிற்றே என்று தயங்கும் நண்பர்களுக்கு: இந்தத் தயக்கத்தைக் கேலி செய்யக் கூடாது. தமிழ் முஸ்லிம்கள் இறைவனுக்குச் செய்யும் 'இபாதத்'தை வணக்கம் என்றே தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை மனிதருக்குச் சொல்ல அவர்களில் சிலருக்கு மனம் ஒப்பாது. அது அவர்கள் நம்பிக்கை. கட்டாயப்படுத்த நாம் யார்? முல்லா வீதியில் ஒருவர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றால் 'வ அலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் வந்தே தீரும். உங்களுக்கு முகமன் கூறப்பட்டால் அதைவிடச் சிறந்ததைக் கூறுங்கள், இல்லையேல் அதையே திருப்பிக் கூறுங்கள் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. மனு கேள்வியையே நான்காக வெட்டினார். இங்கே பதில் கடமையாகிறது. முகமன் என்ற பழந்தமிழ்ச் சொல்லையும் அதன் கௌரவத்தோடு காப்பாற்றி வைத்திருப்பவர்கள் முஸ்லிம் எழுத்தாளர்கள்தாம். மற்றவர்கள் வாயில் 'முகமனுக்குச் சொன்னார்' என்றால் மனமில்லாமல் சொன்னார் என்று ஆகிவிட்டது.

சம்பா கோயில் பக்கம் போனால் வேறு ஒரு நுட்பம் தெரியும். கத்தோலிக்கர் கடவுளுக்கு ஆராதனை என்பார்கள், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் என்பார்கள். மே மாதம் அவர்களுக்கு வணக்கமாதம். வணங்குவது வேறு, ஆராதிப்பது வேறு என்று அவர்கள் மறைக்கல்வி பிரித்துச் சொல்கிறது. ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில், ஒரே சொல்லுக்கு ஒரு சமயம் ஒரு படி தருகிறது, இன்னொன்று வேறு படி தருகிறது. சொல் அப்படித்தான். அகராதியில் ஒரு பொருள், வாசலில் ஒரு பொருள்.

ஐயாயிரம் ஆண்டுக்காரருக்குப் பதில் சுருக்கமானது. சொல் பழையது, பழக்கம் புதியது. பழமை என்று பொய் சொல்லி இதைப் பெருமைப்படுத்தினால், இதற்காக அடிபட்டவர்களை அழித்துவிடுகிறோம்.

அடிபட்டு வாங்கிய சொல்லை இன்று என்ன செய்து வைத்திருக்கிறோம்? கைப்பேசியில் ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்', அப்புறம் மதிய வணக்கம், மாலை வணக்கம், இரவு வணக்கம். ஆங்கிலேயன் பொழுது பார்த்து வாழ்த்துகிறான் என்பதற்காக நம் வணக்கத்துக்கும் கடிகாரம் கட்டிவிட்டார்கள். இதுகூடப் போகட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. அரசியலில் நடப்பதைப் பாருங்கள். அன்று முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா ஏறிப்போன ஹெலிகாப்டரைப் பார்த்துத் தரையில் நின்ற அமைச்சர்கள் குனிந்து கும்பிட்டதைத் தமிழ்நாடு படமாகவே பார்த்தது. விமானிக்குக்கூடத் தெரிந்திருக்காது. 2017இல் மு.க. ஸ்டாலின் தம் கட்சியினரைப் பார்த்து, காலில் விழாதீர்கள், வணக்கம் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். சுயமரியாதை பேசி வளர்ந்த கட்சியில், தொண்ணூறு ஆண்டு கழித்து, அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது! எந்தக் கட்சி மேடையில் இன்று கால் தொடுதல் நின்றிருக்கிறது? நம் புதுவை மேடைகளும் விலக்கு அல்ல.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன், ஸ்பெயின் அரசரையும் அரசியையும் பாரிசில் கை கூப்பி வரவேற்றார். நம் ஊர்ச் செய்தித்தாள்கள் பூரித்துப்போயின. தொற்றுக்கு அஞ்சிக் கூப்பிய கையைப் பார்த்து நமக்கு ஏன் பூரிப்பு? அதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அவர் கூப்பினார், அவர்களும் கூப்பினார்கள்.

நம் அலுவலகங்களில் அது நடக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி. சாதிச் சான்றிதழுக்கோ, முதியோர் உதவித்தொகைக்கோ, பட்டா மாற்றத்துக்கோ ஒரு மூதாட்டி வருகிறார். 'வணக்கம் ஐயா' என்கிறார். நாற்காலியில் இருப்பவர் தலையை ஆட்டுகிறார், அல்லது அதுவும் இல்லை, 'என்ன?' என்கிறார். வரப்பில் நின்ற பண்ணையாரின் 'ம்' கோப்புகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லை மாற்றினோம், பதிலை மாற்றவில்லை. ஒருவர் மட்டும் சொல்லி மற்றவர் சொல்லாமல் விட்டால் வணக்கமும் பழைய கும்பிடுதான். தமிழ்ச் சட்டை போட்ட கும்பிடு.

கோரிக்கை மனு எழுதும் நடையும் அப்படியே இருக்கிறது. 'சமூகத்துக்கு' என்று தொடங்கி, 'தாழ்மையுடன்' என்று நடுவில் குனிந்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடிக்கிறார்கள். இந்தக் கடைசி வரி ஆங்கிலேயன் அலுவலகத்திலிருந்து வந்தது. அவனே அதை விட்டுவிட்டான். பிரெஞ்சில் மனு எழுதிய நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: தங்கள்பால் எனக்குள்ள மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டும் என்று இரண்டு வரிக்கு நீளும். ஆட்சிகள் போய்விட்டன. 1954இல் கொடி மாறியது, 2006இல் பாண்டிச்சேரி என்ற பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆனது. மனுவின் முதுகு மட்டும் நிமிரவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் ஐம்பது பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொல்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியென்றால் 'குட் மார்னிங்'. எத்தனை ஆசிரியர்கள் நின்று, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள்? பலர் கையைத் தாழ்த்தி உட்காரச் சொல்வதோடு சரி. பதில் வராத வணக்கத்தை நாள்தோறும் சொல்லிப் பழகிய பிள்ளை, வளர்ந்து நாற்காலிக்கு வந்தால் பதில் சொல்லுமா?

ஆகையால் இந்த மேடையிலிருந்து வைக்கும் கோரிக்கைகள் பெரியவை அல்ல, காசு செலவும் இல்லை. புதுவை அரசு தன் படிவங்களிலிருந்து 'கீழ்ப்படிதலுள்ள' என்ற சொல்லை எடுத்துவிடட்டும். 'இப்படிக்கு' என்பதே போதும். தலைவர்கள் காலில் விழ வருகிறவரைத் தடுத்து நிறுத்தித் தாங்கள் முதலில் வணக்கம் சொல்லட்டும். ஆசிரியர்கள் நாளைக் காலை வகுப்பில் அதைத் தொடங்கலாம். அலுவலகத்தில் இருக்கும் தோழர்களே, மனுவோடு வருகிறவர் வணக்கம் என்றால், கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். அவர் உட்கார ஒரு நாற்காலியும் போடுங்கள்.